காகித நிலவும் முன்னறை வசந்தமும்: ஈஸ்டர் கிளை குறித்து ஓர் ஆராய்ச்சி

ஈஸ்டர் முட்டைக்கு ஆய்வாளர் பஞ்சம் இருந்ததில்லை. 1682ஆம் ஆண்டிலேயே கியோர்க் ஃபிராங்க் ஃபொன் ஃபிராங்கெனாவ் என்ற மருத்துவப் பேராசிரியர் ஹைடெல்பெர்க்கில் அதைப் பற்றி இலத்தீனில் ஓர் ஆய்வேடு வெளியிட்டார். முட்டையைத் தோட்டத்தில் ஒளித்து வைக்கும் முயல் முதல் முட்டையை மிதமிஞ்சித் தின்றவரின் வயிற்றுக்கோளாறு வரை அதில் வருகிறது. ஆனால் முட்டை தொங்கும் கிளையை எந்தப் பேராசிரியரும் சீண்டவில்லை. ஜெர்மானிய வீடுகளில் ஈஸ்டர் நெருங்கும்போது மொட்டு விட்ட கிளைகளைப் பூச்சாடியில் செருகி, வண்ணம் பூசிய முட்டைக்கூடுகளை அதில் கட்டித் தொங்கவிடுவார்கள். இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கியது அறிவுலகின் பெரும்பிழை. ஈஸ்டர் எந்த ஞாயிறு என்று தீர்மானிப்பது திருச்சபை. அந்த ஞாயிறை வசந்தத்துக்குள் கொண்டுபோய் வைப்பது கத்தரிக்கோலும் கையுமாக நிற்கும் வீட்டுக்காரம்மாள். காலக்கணிதர் வரிசையில் அவருக்கு ஓர் இருக்கை போட்டாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் எதிர்த்தரப்பின் தகுதியைப் பார்த்துவிடுவோம். எல்லாரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய ஆயர்கள் முடிவெடுத்தார்கள். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறு என்று விதி நிலைத்தது. இதன்படி பண்டிகை மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே 35 நாட்களில் எதில் வேண்டுமானாலும் வந்து விழலாம். கணித மேதை கௌஸ் 1800இல் இதற்கு ஒரு சூத்திரமே எழுத வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அந்தப் பௌர்ணமி வானத்துப் பௌர்ணமி அல்ல, அட்டவணையில் கணக்கிட்ட பௌர்ணமி. 2019இல் சம இரவு நாள் கழிந்த சில மணி நேரத்தில் மார்ச் 21 அன்று முழுநிலவு வந்தது. அட்டவணையோ அது முந்தின நாளே முடிந்த கதை என்று தள்ளிவிட்டு அடுத்த நிலவுக்குக் காத்திருந்ததால், மார்ச் 24இல் வந்திருக்க வேண்டிய ஈஸ்டர் ஏப்ரல் 21க்குப் போயிற்று. நிலவைக் காகிதத்தில் செய்துகொள்ள ஆயர்களுக்கு உரிமை உண்டென்றால், வசந்தத்தை முன்னறையில் செய்துகொள்ள ஒரு குடும்பத்துக்கு உரிமை இல்லையா?

வெளியே இருக்கும் மரங்களை நம்பினால் ஆகாதா எனின், ஆகாது. ஜெனீவாவில் ஒரு குதிரைக்கொட்டை மரத்தின் முதல் இலை எப்போது விரிகிறது என்பதை அரசு அதிகாரி ஒருவர் முறைப்படி பதிவு செய்வது 1818 முதல் நடக்கிறது. (அதே 1818இல்தான் ஈஸ்டர் மார்ச் 22க்கு, அதாவது வரக்கூடிய மிக முந்தைய நாளுக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனாலும் ஆய்வாளன் இதைச் சொல்லாமல் விட முடியாது.) அந்த அரசாங்க மரமே ஒருமுறை 2002 டிசம்பர் 29 அன்று வசந்தம் வந்துவிட்டதென அறிவித்தது. பதிவேடு வைத்து மேற்பார்வை செய்யும் மரத்தின் ஒழுக்கம் இதுவென்றால், வேலியோரத்துச் செடியிடம் என்ன எதிர்பார்ப்பது?

ஆகவே வீடு. இங்கே நாயகி ஃபோர்சிதியா: இலைக்கு முன்பே கிளை முழுதும் மஞ்சளாகப் பூக்கும் புதர். அது பூப்பதை வைத்துத்தான் ஜெர்மன் வானிலைத் துறை முதல் வசந்தத்தின் தொடக்கத்தைக் குறிக்கிறது. அதன் மொட்டு முந்தின கோடையிலேயே உருவாகிவிடும். பனிக்காலத்துக் குளிரை வேண்டிய அளவு வாங்கிய பின் அதற்கு வேண்டியதெல்லாம் வெப்பம் மட்டும். ஜனவரிக் கடைசியில் வெட்டினால் சில வாரம் காக்க வைக்கும். மார்ச்சில் வெட்டினால் ஒரு வாரமே போதும். ஆகவே ஈஸ்டர் ஞாயிறிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கிளைக்கு நாள் குறிக்க வேண்டும். கௌஸின் சூத்திரத்தில் மாறிகள் எல்லாம் எண்கள். இங்கோ அறையின் வெப்பம், சாடித் தண்ணீர், சன்னலைத் திறந்து போட்டுவிட்டுப் போகும் மூத்த மகன் எல்லாம் மாறிகள். மொட்டு சோம்பினால் சாடி வெப்பமூட்டிப் பக்கம் நகரும். பெரிய வெள்ளிக்கு முன்பே துள்ளினால் குளிர்ந்த மாடிப்படிக்கு நாடு கடத்தப்படும். இதற்கிடையில் முட்டையின் இரு முனையிலும் துளையிட்டுக் கன்னம் வலிக்க ஊதுவது பிள்ளைகளின் துறை. காலியான கூட்டுக்குள் நூல் கட்டிய அரைத் தீக்குச்சியை நுழைத்து இழுத்தால் அது குறுக்கே விழுந்து பிடித்துக்கொள்ளும். வெளியேறிய மஞ்சளும் வெள்ளையும் ஆம்லெட்டாகவும் கேக்காகவும் மேசைக்கு வந்தபடியே இருக்கும் என்பதால், அந்த வீடு எத்தனை கூடு தொங்கவிட்டது என்பதை இரவுச் சாப்பாட்டை வைத்தே கணிக்கலாம்.

ஈஸ்டர் பிந்தி வரும் ஆண்டுகளில் தோட்டத்து ஃபோர்சிதியா உதிர்ந்தே போயிருக்குமே, அப்போது இந்த அம்மாளின் அதிகாரம் என்ன ஆகும் என்பது வலுவான மறுப்பு. 2011இல் பண்டிகை ஏப்ரல் 24. ஆனால் அதிகாரி அதே அதிகாரி, அலுவலர்தான் மாறுகிறார். ஃபோர்சிதியா ஓய்வு பெற்ற இடத்தில் செர்ரிக் கிளையோ ஆப்பிள் கிளையோ பதவியேற்கும். கடையில் கட்டுக் கட்டாக விற்கிறதே, வாங்கிவிட்டால் கணக்கெதற்கு என்பர் சிலர். கடைக்காரரும் எங்கோ பின்னோக்கி எண்ணித்தான் வெட்டியிருக்கிறார். கணக்கு கைமாறியதே தவிர ஒழியவில்லை. துணியில் செய்த ஃபோர்சிதியா எந்த ஆண்டும் தவறாமல் பூத்திருக்கும் என்ற வாதத்துக்கு விடை சொல்ல இக்கட்டுரை கடமைப்பட்டதல்ல. ஆயினும் ஒன்று: பொய்க்க வாய்ப்பே இல்லாத கணிப்பைக் கணிப்பு என்று காலக்கணிதர் யாரும் ஏற்பதில்லை.

எஞ்சியிருப்பது நடைமுறை. 2035இல் ஈஸ்டர் மார்ச் 25 அன்று வருகிறது. தோட்டத்தைப் பார்க்காமல், மார்ச் நடுவில் மொட்டுக் கிளையை வெட்டி வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. 2038இல் வரக்கூடிய மிகப் பிந்திய நாளான ஏப்ரல் 25. அந்த ஆண்டு ஃபோர்சிதியாவைத் தொடவே வேண்டாம், ஆப்பிள் கிளையே உத்தமம். மூத்த மகனிடம் சன்னலைத் திறந்தே வைக்கச் சொல்லிவிடலாம்.