வால் போன டால்பினும் வாசல் டிக்கெட்டும்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் சற்று மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். இந்த ஊரில் லீவு நாளானால் குடும்பம் குடும்பமாகக் காசு கட்டி மீன் பார்க்கப் போகிறார்கள் என்று எழுதியதற்கு, ‘மீன் பார்க்கவா அமெரிக்கா போனாய்?’ என்று கேட்டிருந்தீர்கள். குப்பத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். நம் குப்பம் இருக்கும் பழைய சித்தூர் மாவட்டத்துக்கு ஒரு முழம் கடற்கரைகூடக் கிடையாது. 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது சூளூர்பேட்டைப் பக்கத்தை எடுத்துத் திருப்பதியோடு சேர்த்தார்கள். ஏழுமலையானுக்குக் கடல் கிடைத்தது, நமக்கு அதே பாலாறு, அதே மணல். ஆனாலும் இந்த மீன் காட்சியை நான் கொஞ்சம் ஆதரித்துப் பேச வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

ஃபுளோரிடாவின் டாம்பா வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்து இறங்கினால் சுற்றிக்காட்ட ஒரு வழக்கமான பாதை உண்டு: டிஸ்னி, கோயில், கடற்கரை, கடைசியில் கிளியர்வாட்டர் மரைன் அக்வேரியம். பெயரைக் கேட்டுப் பளிங்கு மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். 1972இல் தொடங்கிய இந்த அமைப்பு, சில வருஷம் கழித்துக் குடியேறியது நகரசபை கைவிட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில். பெரிய தொட்டிகள் தயாராக இருந்தன. கழுவிவிட்டு உப்புத் தண்ணீர் நிரப்பிக்கொண்டார்கள். இதே ஃபுளோரிடாவின் தென்கோடியில் மாரத்தான் என்கிற ஊரில் 1986இல் கடலாமைகளுக்கு ஆஸ்பத்திரி வைத்தவர்கள் அதை ஒரு மோட்டலில் ஆரம்பித்தார்கள். இடம் போதாமல் பக்கத்திலிருந்த ஆட்டக்காரிகள் விடுதியையும் வாங்கி ஆஸ்பத்திரிக் கட்டடமாக்கினார்கள். (அத்தைக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள்.)

இப்படிப்பட்ட இடங்களை எதைக் கொண்டு மதிப்பிடுவது? என் கட்சி இதுதான்: உள்ளே எத்தனை உருப்படி இருக்கிறது என்று எண்ணக் கூடாது, எத்தனை வெளியே போயின, போகாதவை ஏன் போகவில்லை என்று கேட்க வேண்டும். தூண்டில் முள்ளை விழுங்கிய ஆமை, வலையில் துடுப்பு அறுபட்ட ஆமை, குளிரில் விறைத்துப்போன ஆமை எல்லாம் குணமானால் கடலுக்கே போகின்றன. மூன்று துடுப்போடுகூட ஆமை கடலில் பிழைத்துக்கொள்ளும். மோட்டார் படகு மோதியதில் ஓடு உடைந்து, உள்ளே காற்று அடைபட்ட ஆமையின் பாடுதான் கஷ்டம். பின்பாகம் மிதந்துகொண்டே இருக்கும், முங்க முடியாது. ஓட்டின்மேல் எடைக்கட்டிகளை ஒட்டி அதைச் சமன் செய்கிறார்கள். அந்த எடை காலப்போக்கில் உதிர்ந்துவிடும் என்பதால் அந்த ஆமைக்கு விடுதலை இல்லை. டால்பினுக்கு வேறு கணக்கு: தாயிடம் இரை பிடிக்கக் கற்பதற்கு முன்பே அனாதையான குட்டியும், காது கேளாததும் கடலில் தேறாது. காதுதான் அதற்குக் கண். இந்த முடிவை எடுப்பது அக்வேரியக்காரர் அல்ல, அமெரிக்க மத்திய அரசின் மீன்வளத் துறை. வேளாவேளைக்கு ஐஸ்பெட்டி உணவு, இரை மீனின் செவுளுக்குள் செருகிய விட்டமின் மாத்திரை, உறைந்த மீனில் நீர்ச்சத்து குறைவென்று கூடவே ஜெலட்டின் துண்டு, சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்ப லாயக்கில்லை என்று சர்க்கார் முத்திரை. இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேறு யாராவது நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

ஊனத்தைக் காட்டிக் காசு பார்ப்பதுதானே இது என்பீர்கள். இந்தக் கேள்விக்கு கிளியர்வாட்டரில் இருந்த ‘விண்டர்’ என்ற பெண் டால்பினை வைத்தே பதில் சொல்லலாம். 2005 டிசம்பரில், சில மாதக் குட்டியாக, நண்டுப் பொறியின் கயிற்றில் சிக்கிக் கிடந்தது. கயிறு இறுகி ரத்த ஓட்டம் நின்று வால் துடுப்பு அழுகி விழுந்தது. டால்பின் வாலை மேலும் கீழும் அடித்து நீந்தும் ஜாதி. வால் போன விண்டர், மீனைப்போல் உடம்பைப் பக்கவாட்டில் நெளித்து நீந்தத் தானே கற்றுக்கொண்டது. நீந்தியது சரி, முதுகெலும்பு கோணலாகத் தொடங்கியது. மனிதர்களுக்குச் செயற்கைக் கால் செய்யும் நிபுணர்கள் வந்து செயற்கை வால் செய்தார்கள். அதை நாள் முழுக்க மாட்டிவைத்ததில்லை, பயிற்சியாளர் கண்ணெதிரே கொஞ்ச நேரம்தான். வழுவழுப்பான டால்பின் தோலில் புண்ணாகாமல் பிடித்து நிற்க அவர்கள் உருவாக்கிய மெத்தென்ற ஜெல் உறை, பிற்பாடு கால் இழந்த மனிதர்களுக்கும் பயன்பட்டது. 2011இல் ‘டால்பின் டேல்’ என்று சினிமாவே எடுத்தார்கள், கூட்டம் குவிந்தது. 2021 நவம்பரில் குடல் முறுக்கிக்கொண்டு விண்டர் இறந்துபோயிற்று. வியாபாரம் நடந்ததா என்றால், நடந்தது. வெளியே போகும் வழியில் பொம்மைக் கடையைத் தாண்டாமல் எந்தத் தகப்பனும் தப்ப முடியாது. ஆனால் அந்தக் கூட்டம் தந்த காசு அடுத்த ஆமையின் எக்ஸ்ரேவுக்கும் உதவுகிறது. கயிறு அறுத்த வாலைப் பார்த்த பிள்ளை, ‘யாருடைய கயிறு?’ என்று கேட்கிறது. வித்தை காட்டும் டால்பினைப் பார்த்து எந்தப் பிள்ளையும் அப்படிக் கேட்டதில்லை.

கூண்டு கூண்டுதானே என்ற கேள்வி இதைவிடப் பலமானது. நம் பக்கமே அதற்குச் சாட்சி உண்டு. 1990களின் கடைசியில் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்கேரியாவிலிருந்து டால்பின்களை வரவழைத்துக் காட்சி நடத்தினார்கள். சில மாதங்களிலேயே அவை செத்துப்போயின. 2013இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், டால்பின் காட்சிக்கூடத்துக்கு அனுமதியே தரக் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியது. சரியான உத்தரவு. ஆரோக்கியமான பிராணியைக் கடலிலிருந்து பிடித்து வந்து பந்து விளையாடவிடுவது வேறு, கடலுக்குத் தேறாததைச் சாகும்வரை காப்பாற்றுவது வேறு. இந்த வித்தியாசம் புரிய நீங்கள் விமானம் ஏற வேண்டாம், திருப்பதி பஸ் ஏறினால் போதும். சர்க்கஸில் சிங்கம், புலி, கரடி வைக்கக் கூடாதென்று தடை வந்து, 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தபின், சர்க்கஸ் சிங்கங்களைக் கொண்டுபோய் வைத்த இடங்களில் நம் ஸ்ரீ வேங்கடேஸ்வரா உயிரியல் பூங்காவின் மீட்பு மையமும் ஒன்று. ஆசியச் சிங்கமும் ஆப்பிரிக்கச் சிங்கமும் கலந்து பிறந்த ஜீவன்கள் அவை. கிர் காட்டிலும் விட முடியாது, இனப்பெருக்கத்துக்கும் விடவில்லை. மிச்சக் காலத்துக்கு இறைச்சியும் நிழலும் கொடுத்து வைத்திருந்தார்கள். அங்கே சினிமாவும் இல்லை, பொம்மைக் கடையும் இல்லை. என்னைக் கேட்டால், கிளியர்வாட்டரைவிட அதுவே யோக்கியமான ஏற்பாடு.

எனக்கே உறுத்துகிற ஆட்சேபம் ஒன்று பாக்கி. ஒரு டால்பினுக்கு வால் செய்வதைவிட, கடலில் கிடக்கும் கயிற்றையும் வலையையும் கவனிப்பதல்லவா சிக்கனம்? சந்தேகமே இல்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கடலோரத்தில் பங்குனி ஆமைகள் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும்; இழுவலைக்குள் அகப்பட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். அவற்றுக்கு எந்த ஆஸ்பத்திரியும் உதவாது. 1988 முதல் சென்னை மாணவர்கள் ராத்திரியெல்லாம் மணலில் நடந்து பொறுக்கிக் காக்கும் முட்டைகள் ஒரு பக்கம், தாயாமையே வலையில் போவது மறுபக்கம். வலைக்குள் ஒரு கம்பித் தட்டி, அதன் மேல் ஒரு திறப்பு: இறால் உள்ளே போகும், ஆமை வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கேற்ப இதைச் செய்து கொடுத்திருக்கிறது. திறப்பு வழியே பிடிபட்ட மீனும் போய்விடுகிறதே என்று மீனவர் சொல்வதை அலட்சியம் செய்ய முடியாது; டீசல் விலை அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் இந்தத் தட்டி இல்லையென்று 2019இல் அமெரிக்கா இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்க மாட்டேன் என்று நிறுத்தியபோது அடி விழுந்ததும் அவர்கள் வயிற்றில்தானே? நம் ஆந்திரப் பண்ணை இறாலுக்கு அந்தத் தடை கிடையாது என்பதால் நெல்லூர்ப் பக்கம் யாரும் தூக்கம் கெடவில்லை. தட்டிக்கும் தப்பிப்போகும் மீனுக்கும் ஆகிற செலவைப் படகுக்காரர் தலையில் கட்டாமல், இறால் தின்கிறவர் கொடுக்கட்டும் என்பேன். இங்கே அக்வேரிய வாசலில் முணுமுணுக்காமல் கொடுக்கிறவர்கள், சாப்பாட்டுத் தட்டிலும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. விசா வந்ததும் தகவல் சொல்லுங்கள், கிளியர்வாட்டருக்கு நானே கூட்டிப்போகிறேன். ஒரே நிபந்தனை: வாசலில் டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துச் சத்தம் போடக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்