முருகன் ஒட்டாத பத்மினி

எங்கள் தாத்தா மாடு வாங்கச் சந்தைக்குப் போனால் மாட்டின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். வாயைப் பிளந்து இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து வயிற்றுக்கு அடியில் பார்ப்பார். கொம்பில் எண்ணெய் பளபளத்தால் விலைகூடக் கேட்காமல் அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார். "எண்ணெய்க்குச் செலவு பண்ணியிருக்கான்னா எதையோ மறைக்கிறான்" என்பது அவர் சித்தாந்தம்.

அந்தத் தாத்தாவின் பேரனாகிய நான், ஐம்பத்தாறு வயதில், 1978 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்றை அதன் முகத்தை மட்டும் பார்த்து வாங்கக் கிளம்பினேன்.

முகம் அப்படி. இரண்டு பக்கமும் வட்ட விளக்கு, நடுவில் பல்வரிசை போலக் குரோமியம், உடம்பெல்லாம் வெண்ணெய் நிறம். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் ஒரே ஒரு கார்தான் இருந்தது, அது இதுதான். மும்பை குர்லாவில் தயாரான இந்த வண்டிக்கு 1974இல் பத்மினி என்று பெயர் வைத்தார்கள். சித்தூர் ராணி பத்மினியின் பெயர் அது. நாட்டியப் பேரொளி பத்மினியை நினைத்துத்தான் வைத்தார்கள் என்று எங்கள் தெரு நம்பியது. நம்பியதோடு சரி, யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அது ஃபியட். அப்போதெல்லாம் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கள் அப்பா பதியவே இல்லை. அதனால் நான் நாற்பது வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

விற்பவர் வீடு திருவான்மியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. "ஜன்னலைத் திறந்தா போதும் சார், சும்மா ஜிலுஜிலுன்னு கடல் காத்து" என்று வீட்டைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டார். நானும் மூச்சை இழுத்து ரசித்தேன். அதே காற்றைத்தான் வண்டியும் நாற்பது வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

"டாக்டர் வண்டி சார். ஒரே ஓனர். பாடியில இன்னிவரைக்கும் யாரும் கை வெச்சதில்ல. போன மாசம் ஒரு கோட்டு பெயின்ட் மட்டும் அடிச்சிருக்கு."

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்கள் எல்லாமே டாக்டர்கள் வைத்திருந்தவைதான். வக்கீல்களும் வாத்தியார்களும் தங்கள் கார்களை என்ன செய்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம்.

நான் அங்கேயே முன்பணம் கொடுத்திருப்பேன். தடுத்தது மனைவி. "வெண்டைக்காயை நுனி ஒடிச்சுப் பாக்காம வாங்க மாட்டீங்க. காரை மட்டும் கும்பிட்டு வாங்குவீங்களா? யாராவது வேலை தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டுப் போங்க."

வேலை தெரிந்தவர் புதுப்பேட்டையில் இருந்தார். முப்பது வருடமாக டிங்கரிங் செய்கிற பாய். ஞாயிற்றுக்கிழமை காலை கையில் ஒரு கோரைப்பாயோடு வந்து இறங்கினார். பாய் பாயோடு வந்ததைப் பார்த்ததும், தூங்க வந்திருக்கிறாரோ என்று விற்பவர் சந்தேகப்பட்டார். ஒரு டார்ச், ஒரு ஸ்குரூடிரைவர், ஒரு ஜாக்கி, அவ்வளவுதான் மற்ற ஆயுதங்கள். காந்தம் மட்டும் நான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார். வீட்டில் தேடியதில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பழனி முருகன்தான் கிடைத்தார்.

இவ்வளவு சின்னக் காந்தம் போதுமா என்று தயங்கிக் கொடுத்தேன். பாய் முகம் மலர்ந்துவிட்டது. "இதான் சார் வேணும். ஸ்பீக்கர் காந்தம் மாதிரி பலசாலியா இருந்தா பட்டிக்கு மேல வெச்சாலும் உள்ள இருக்கிற தகட்டை இழுத்துப் பிடிச்சுக்கும், பொய் சொல்லும். நமக்குச் சோம்பேறிக் காந்தம்தான் சரி."

பட்டி என்பது பசை. ஒடுங்கின தகட்டைச் சமப்படுத்தப் பூசுவது. நியாயமாக ஒரு தோசை கனத்துக்கு மேல் போகக் கூடாது. துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு பண்ணுவதற்குப் பதிலாக, ஓட்டையின் மேலேயே பட்டியை அடை கனத்துக்கு அப்பித் தேய்த்துப் பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. 'பூசி மெழுகுவது' என்று நம் முன்னோர் சொன்னபோது கார்கள் இல்லை. ஆனாலும் விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பாய் முருகனை ஒரு மெல்லிய துணிக்குள் வைத்து, பெயின்ட்டில் கீறல் விழாமல், கூரையில் வைத்தார். ஒட்டினார். பானெட்டில் வைத்தார். ஒட்டினார். முன்சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டின் கீழ்ப் பகுதியில் வைத்தார். முருகன் கீழே விழுந்தார். எடுத்துத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி வைக்கச் சொன்னேன். மறுபடி விழுந்தார். பின்சக்கர வளைவிலும் விழுந்தார், கதவின் கீழ் விளிம்பிலும் விழுந்தார். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்பார்கள். இங்கே தகடிருக்கும் இடமெல்லாம் குமரன். தகடு இடுப்புக்கு மேலேதான் இருந்தது.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. பானை வாங்கும் பாட்டியைப் போல விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார் பாய். மேலே 'டங்' என்றது. கீழே 'தொப்' என்றது. "வித்தியாசம் தெரியுதா?" என்றார். எனக்குச் சங்கீதமே தெரியாது, இது தெரிந்தது.

பிறகு கதவின் அடிப்பக்கம் விரலை ஓட்டினார். "இங்க ஓட்டை எங்க?" என்றார். ஓட்டை இல்லாதது நல்லதுதானே என்றேன். இல்லையாம். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைத்தண்ணீர் கதவுக்குள் போய் அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வடிய வேண்டும். அதைப் பட்டியால் அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தங்கித் தகட்டைத் தின்னும். இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இல்லை. இருக்கக் கூடாத இடங்களில் என்ன நிலவரம் என்று பார்க்க, என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துக் காலடி ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். தான் பாயை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து டார்ச்சை மேல்நோக்கி அடித்தார்.

என் காலடியில் நட்சத்திரங்கள் தெரிந்தன. எண்ணினேன், ஏழு. சப்தரிஷி மண்டலம்.

"அந்தக் காலத்து இரும்பு சார், அவ்வளவு சீக்கிரம் ஒண்ணும் ஆகாது" என்றார் விற்பவர். அந்தக் காலம் என்பது எந்தக் காலம் என்பதைப் பொறுத்தது. டெல்லியில் குதுப்மினார் பக்கத்தில் ஒரு இரும்புத்தூண் சுமார் 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அதில் பாஸ்பரஸ் அதிகம். அது மேலே ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தக் காலம் வேறு, 1978 வேறு. கார்த் தகட்டுக்குக் காப்பு பெயின்ட் மட்டும்தான். அதில் ஒரு கீறல் விழுந்தால் ஈரமும் காற்றும் சேர்ந்து வேலையைத் தொடங்கிவிடும். கடல் காற்றின் உப்பு சேர்ந்தால் வேலை இன்னும் வேகம். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான். திருவான்மியூர்த் தகடு இரண்டையும் சேர்த்தே குடித்திருந்தது.

துருவுக்கு இன்னொரு குணமும் உண்டு. இரும்பாக இருந்தபோது பிடித்த இடத்தைப் போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அதனால்தான் பெயின்ட்டைத் தூக்கிக் கொப்புளம் விடுகிறது. ஆனால் கொப்புளம் வெளியே தெரிகிறபோது உள்ளே விருந்து பாதி முடிந்திருக்கும். வெளியே ஒரு ரூபாய் அகலம் என்றால் உள்ளே ஒரு தட்டு அகலம் என்பது பாய் கணக்கு.

"ரன்னிங் போர்டைக் கொஞ்சம் குத்திப் பாக்கட்டுமா சார்?" என்று பாய் மரியாதையாகக் கேட்டார். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி அது. "தாராளமா" என்றார் விற்பவர், கையில் காபி டம்ளரோடு. பாய் குத்தவில்லை, ஸ்குரூடிரைவர் முனையை அடிப்பக்கம் வைத்து லேசாக அழுத்தினார். முனை அப்பளத்தில் இறங்குவதுபோல இறங்கியது. வெளியே இழுத்தபோது பட்டித் தூளோடு ஒரு காகிதச் சுருளும் வந்தது. பழைய தமிழ் நாளிதழ். ஓட்டைக்குள் காகிதத்தைத் திணித்து அதன்மேல் பட்டி பூசியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தேன். ஒரு சினிமா விளம்பரத்தில் 'வெற்றிகரமான 25ஆவது நாள்' என்று மட்டும் படிக்க முடிந்தது. எதன் வெற்றி என்பது துருவுக்கே வெளிச்சம்.

பாடியில் யாரும் கை வைக்கவில்லை என்றீர்களே என்று கேட்டேன். "ஃபேக்டரியிலேயே வெச்சிருப்பாங்க சார்" என்றார். குர்லாவில் காலையில் தமிழ் நாளிதழ் வாங்கிப் படித்துவிட்டு மாலையில் காரில் திணித்திருப்பார்கள் என்று நம்புவதற்கு, பத்மினி மேல் இன்னும் கொஞ்சம் காதல் தேவைப்பட்டது.

கடைசிப் பரீட்சை ஜாக்கி. வண்டியைத் தூக்க ஒதுக்கிய இடத்தில் ஜாக்கியை வைத்துச் சுற்றினார் பாய். ஜாக்கி ஏறியது, வண்டி ஏறவில்லை. 'கரக்' என்று ஒரு சத்தம். ஜாக்கியின் தலை ரன்னிங் போர்டுக்குள் குடிபோயிருந்தது. பாய் நிறுத்தி, இறக்கி, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"வண்டலூர்ல செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு சார். மேல போனாலும் கீழ நிக்கும். ஃபியட்டுக்கு அது கிடையாது. பாடிதான் சேஸிஸ். இது தோல் வியாதி இல்ல, முதுகெலும்பு."

ஆட்டோவில் திரும்பும்போது பாய் தொழில் ரகசியம் ஒன்றைச் சொன்னார். "இந்த மாதிரி வண்டி வாங்க வர்றவங்க எல்லாம் அம்பது தாண்டினவங்க சார். சின்ன வயசு ஆசை. யாராலயும் குனிய முடியாது. துரு இருக்கறதெல்லாம் குனிஞ்சாத்தான் தெரியும். அதனால கண்ணு மட்டத்துக்கு மேல பளபளன்னு வெச்சா போதும், வித்துடும்." என் தொப்பையை அவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். சொன்னதுபோலவே அந்தப் பத்மினி பத்து நாளில் விற்றுவிட்டது.

ஆறு மாதம் கழித்து ஈரோட்டில் ஒரு வண்டி இருப்பதாகப் பாய் கூட்டிப்போனார். கடல் வாசனையே அறியாத வண்டி. பெயின்ட் வெளுத்து, மட்கார்டில் பழுப்புப் புள்ளிகள் பட்டவர்த்தனமாகத் தெரிந்தன. பார்த்ததும் என் முகம் சுருங்கியது. பாய் முகம் மலர்ந்தது. முருகன் கூரையிலிருந்து ரன்னிங் போர்டு வரை ஓரிடத்திலும் விழவில்லை. காலடியில் நட்சத்திரமும் இல்லை. தெரிகிற துருவுக்கு எவ்வளவு செலவாகும் என்று பாய் கணக்குப் போட்டார். அதை விலையில் கழித்துக்கொண்டு வாங்கினேன். இப்போது வாசலில் நிற்கிறது. இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை, அடிக்க மனசும் வரவில்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பாய், ஒரு டார்ச், ஒரு சோம்பேறிக் காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். புதுப் பெயின்ட்டைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள். முதலில் அடியில் படுத்துப் பாருங்கள். முகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் தாத்தா அப்படித்தான் மாடு வாங்கினார். ஒன்றுகூடச் சோடை போனதில்லை.