வேதப் பள்ளிக்கூடத்தில் சைவம் பாஸான கதை

யாழ்ப்பாணத்தானை மதம் மாற்றுவது லேசு. மாறினபடியே வைத்திருப்பதுதான் பாடு. போர்த்துக்கேயருக்கு இது பட்டுத் தெளிந்த விஷயம். ஆனால் முன்னால் வந்து போனவனிடம் ஒரு வார்த்தை விசாரிக்கும் வழக்கம் வெள்ளைக்காரரிடம் இல்லாதபடியால், பின்னால் வந்த ஒவ்வொருத்தரும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்கள்.

1619இல் போர்த்துக்கேயர் பட்டினத்தைப் பிடித்தார்கள், ஊர் கத்தோலிக்கமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். கத்தோலிக்கம் குற்றமாயிற்று, அதே சனம் அதே கட்டடங்களில் சீர்திருத்த சபையாக உட்கார்ந்தது. ஒல்லாந்தர் ஒழுங்கான ஆட்கள். ஒவ்வொரு கோவிற்பற்றுக்கும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு சட்டம்பியார், தோம்பு என்று ஒரு பதிவேடு. ஞானஸ்நானமும் கலியாணமும் தோம்பில் ஏறவேண்டும்; ஏறாவிட்டால் முதுசக் காணியில் சிக்கல். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் குற்றப்பணம். காணி என்றதும் யாழ்ப்பாணத்தானுக்கு விசுவாசம் பொத்துக்கொண்டு வந்தது. தோம்பில் தோன் பிலிப்பு, வீட்டில் சின்னத்தம்பி. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், வெள்ளிக்கிழமை விரதம். விரதச் சாப்பாட்டு இலையைக் கண்டால் காட்டிக்கொடுப்பார்கள் என்று அதைச் சுருட்டிக் கூரையில் செருகிவிடுவார்களாம். மேலே பார்க்கச் சொல்லிப் பிரசங்கம் செய்த பாதிரிமார், பார்க்கவேண்டிய மேலே மட்டும் பார்க்கவில்லை.

1795இல் ஆங்கிலேயர் வந்து, "ஒருத்தரையும் கட்டாயப்படுத்தமாட்டோம்" என்றார்கள். கொஞ்சக் காலத்துக்குள் தோம்புக் கிறிஸ்தவரைத் தேடிப் பிடிக்கவேண்டியதாயிற்று. ஒல்லாந்தர் தடை போட்ட கத்தோலிக்கர் மட்டும் அப்படியே நின்றார்கள். 1687இல் யோசேப் வாஸ் சுவாமியார் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, ஒளித்து ஒளித்துப் பூசை வைத்து வளர்த்த கூட்டம் அது. பதிவுப் புத்தகம் வைத்திருந்தவரின் மந்தை கலைந்துபோக, பிச்சை எடுத்தவரின் மந்தை நின்றுபிடித்தது. இதிலே ஒரு பாடம் இருந்தது. அடுத்து வந்தவர்கள் அதையும் படிக்கவில்லை.

அடுத்து வந்தவர்கள் அமெரிக்கர். 1816இல் தெல்லிப்பழையில் வந்து இறங்கிய டானியல் பூர் பாதிரியாருக்கு வேண்டியது ஆத்துமா. ஊருக்கு வேண்டியது இங்கிலிஷ். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும்" என்ற எங்கள் வேதவாக்கு விவிலியத்தில் இல்லைத்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் அதற்குத்தான் விசுவாசிகள் கூட. கோறணமேந்தின், அதாவது அரசாங்கத்தின், கோழிக்கு இங்கிலிஷ்தான் விளங்கும். ஆகவே பேரம் படிந்தது: நீங்கள் இங்கிலிஷ் தாருங்கள், நாங்கள் பெடியனைத் தருகிறோம். ஆத்துமாவைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

பெடியனைக் கொடுத்தாலும் பெடியனின் வயிற்றைக் கொடுக்க ஊர் சம்மதிக்கவில்லை. வேதக்காரர் வளவில் சோறு தின்றால் சாதி போய்விடும். பாதிரியார் யோசித்தார். பக்கத்துச் சைவக்காரர் காணியில் ஒரு குசினிக் கொட்டில் எழுந்தது. படிப்பு பாதிரியார் வளவில், சாப்பாடு வேலிக்கு அந்தப் பக்கம். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பெடியனிடம் தாய் எப்படி விசாரித்திருப்பாள் என்று ஊகிக்கலாம்.

"தம்பி, சோறு எங்கை தின்னுறாய்?"

"கொட்டிலிலை, அம்மா."

"கொட்டில் ஆற்றை காணியிலை?"

"எங்கடை ஆக்களின்ரை காணியிலைதான்."

"சமைக்கிறது?"

"எங்கடை ஆள்தான்."

"அப்ப சரி. யேசுநாதரைப் பற்றி என்னவும் சொன்னால் கேட்டுக்கொண்டிரு. எழும்பிப் போகாதை, மரியாதை இல்லை."

தண்ணீரிலும் இதே வழக்கு. மிஷன் கிணற்றுத் தண்ணீர் தீட்டு. கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்கிறோம் என்று பெடியள் இறங்கினார்களாம். இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருந்தது. கடைசியில், முதலில் கிடந்த அளவு தண்ணீரை இறைத்தாயிற்று, இனிக் கிடப்பது புதுத் தண்ணீர் என்று தீர்ப்புச் சொல்லிக் குடித்தார்கள் என்று மிஷன் கதைகளில் உண்டு. கணிதத்தையும் சாத்திரத்தையும் ஒரே கிணற்றில் இறக்கிச் சமாதானம் செய்யும் இந்த மூளையைக் கண்ட அன்றே பாதிரியார் கப்பல் ஏறியிருக்கவேண்டும். அவர் பள்ளிக்கூடத்தைப் பெரிதாக்கினார்.

1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச்சாலை தொடங்கியது. கல்லூரி என்று பெயர் வைக்கத்தான் ஆசை. பிரித்தானிய ஆளுநருக்கு அமெரிக்கர் கல்லூரி நடத்துவது பிடிக்காதபடியால் அது செமினரி ஆயிற்று. பெயர் சின்னதே தவிரப் படிப்புச் சின்னதல்ல. யூக்கிளிட், அட்சரகணிதம், வானியல், தர்க்கம், வேதாகமம். கூடவே நன்னூலும் குறளும். அமெரிக்காவில் யாரோ ஒரு புண்ணியவாட்டி பணம் அனுப்பினால், அவள் சொன்ன பெயர் இங்கே ஒரு பெடியனுக்கு விழும். காலையில் தாமோதரம்பிள்ளையாகப் பள்ளிக்கு வந்தவன் சாள்ஸ் வின்ஸ்லோ ஆனான். விசுவநாதபிள்ளை கறல் ஆனார். சிதம்பரப்பிள்ளை வில்லியம் நெவின்ஸ் ஆனார். முகம் தெரியாத பெரியவர்களின் பெயரைச் சுமந்துகொண்டு எங்கள் பெடியள் மரநிழலில் முக்கோணம் கீறினார்கள்.

பெண்பிள்ளைகளைப் பிடிப்பது இன்னும் பெரும்பாடு. 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளி திறந்தார்கள். "பொம்பிளைப் பிள்ளை படிச்சு ஆரை ஆளப்போகுது?" என்று ஊர் கேட்டது. படித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டினால் மிஷன் சீதனம் தரும் என்ற செய்தி பரவியதும் கேள்வியின் சுருதி இறங்கியது. பெண்கல்விக்கு எதிராகச் சாத்திரத்திலிருந்து ஆயிரம் காரணம் காட்டிய தகப்பன்மார், சீதனத்துக்கு எதிராக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

1829 மார்ச் 20ஆம் திகதி சந்திரகிரகணம். அராலி விசுவநாத சாத்திரியார் பஞ்சாங்கத்தில் ஒரு கணக்குச் சொன்னார். செமினரியில் பூர் பாதிரியார் வேறு கணக்குச் சொன்னார். தொடக்கத்தில் கால் மணி நேர வித்தியாசம். சந்திரன் எவ்வளவு மறையும் என்பதிலும் தகராறு. ஊரே வானத்தைப் பார்த்தபடி நின்றது. சந்திரன் பாதிரியார் பக்கம் சேர்ந்தது. சைவம் இன்றோடு சரி என்று மிஷன் மகிழ்ந்தது. நிலாவை விட்ட இராகு ஊரையும் விட்டுவிடும் என்று பாதிரிமார் நம்பினார்கள். ஊர் அந்த முடிவுக்கு வரவில்லை. "இவங்கடை கணக்கு நல்ல கணக்கு. சின்னவனையும் கொண்டுபோய் விடுவம்" என்ற முடிவுக்குத்தான் வந்தது. பாதிரியார் மெய்யென்று காட்டியது கணிதத்தை. அவர் காட்டிவிட்டதாக நினைத்தது வேதாகமத்தை.

படிப்பு நன்றாக நடந்ததுதான் செமினரிக்கு வினையாயிற்று. 1848 வாக்கில் வந்து பார்த்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டென்னன்ட், அதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு சமமாக வைக்கலாம் என்று எழுதினார். ஆனால் படித்து முடித்தவர்கள் சுவிசேஷம் சொல்லப் போகவில்லை, அரசாங்கக் கச்சேரிக்குப் போனார்கள். 1855இல் பொஸ்டனிலிருந்து மிஷன் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் வந்து கணக்குப் பார்த்தார். இங்கிலிஷ் போகிறது, ஆத்துமா வரவில்லை. பூட்டு விழுந்தது. பூட்டி மூன்று வருஷத்துக்குள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. சோதனையில் பாஸானவர்கள் இரண்டு பேர்: கறல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. இரண்டும் வட்டுக்கோட்டைப் பெடியள். சரக்கு சந்தைக்கு வருமுன்னே கடையைப் பூட்டிய வியாபாரி உலகத்தில் அண்டர்சன் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்தச் சாள்ஸ் வின்ஸ்லோ தாமோதரம்பிள்ளை பிறகு என்ன செய்தார்? சைவராகத் திரும்பினார். வீரசோழியம், இறையனார் களவியல், கலித்தொகை என்று ஏடுகளைத் தேடித் தேடி அச்சேற்றினார். கறலோ முதலில் சைவத்தைத் திட்டித் துண்டுப்பிரசுரம் போட்டவர். பின்பு மனம் மாறி, திட்டிய நாக்கைப் பொன்னூசி காய்ச்சிச் சுட்டுக்கொண்டு சைவரானார் என்று சொல்வார்கள். பாவமன்னிப்புக்கு ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்றால் போதும் என்று படித்த பிள்ளை, கடைசியில் கஷ்டமான பாடத்திட்டத்தையே தெரிந்தெடுத்தது.

இவர்களுக்கெல்லாம் மூத்த வில்லங்கம் பட்டினத்து வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தது. நல்லூர் ஆறுமுகம் என்ற இளைஞர், பின்னாளில் ஆறுமுக நாவலர், அங்கே படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து விவிலியத்துக்குத் தமிழ் திருத்தினார். விவிலியத்தை வரிவரியாகத் திருத்தியவனுக்கு அதில் எந்த வரி எங்கே இடறும் என்று தெரியாமலா போகும்? 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் பிரசங்கம் தொடங்கினார். பாதிரிமார் போல வாராவாரம் பிரசங்கம். பாதிரிமார் போலப் பள்ளிக்கூடம். பாதிரிமார் போல அச்சுக்கூடம். ஞானோபதேசத்தில் கேள்வி பதில் இருந்தால், இங்கே சைவ வினாவிடை. மிஷன் பள்ளியின் ஆகத் திறமான மாணவன் யார் என்று சோதனை வைத்தால் நாவலருக்குத்தான் முதற்பரிசு கொடுக்கவேண்டும்; கொடுக்கும்போது பேர்சிவலின் முகத்தைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

சைவப் பிள்ளைகளுக்கென்று யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வந்தபோதும் கதை மாறவில்லை. அதற்கு முன்னோடிப் பள்ளியை நடத்தியவர் வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. பிறகு கல்லூரியின் அதிபராக இருந்தவர் அவர் மகன் நெவின்ஸ் செல்வதுரை. கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர் ஹண்டி பேரின்பநாயகம். சைவம் காக்கும் கதிரைகளில் இப்படி நெவின்சும் ஹண்டியும் உட்கார்ந்திருக்க, எவருக்கும் அதில் வியப்பில்லை. இங்கிலிஷ் தெரிந்த வாத்தியார் எவர் என்றாலும் ஊருக்குச் சம்மதம்.

இரு தரப்பும் சேர்ந்து பெயிலான பாடம் ஒன்று உண்டு. அது அந்தக் குசினிக் கொட்டில். ஆண்டவர் முன் எல்லாரும் சமம் என்று படிப்பித்த பாதிரியார், பந்தியில் அது செல்லாது என்று ஒத்துக்கொண்டுதான் பள்ளியைத் தொடங்கினார். சிவன் முன் உருகிய நாவலருக்கும் சாதி விஷயத்தில் உருக்கம் வரவில்லை. 1920களின் முடிவில் அரசாங்கம் சம ஆசனம் என்று சொன்னபோது, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் வாங்கில் உட்காருவதைப் பொறுக்கமாட்டாமல் பள்ளிக்கூடங்களை எரித்த கைகள் இங்கே இருந்தன. நூறு வருஷத்தில் யூக்கிளிட் தேற்றமெல்லாம் பாடமாக்கிய ஊருக்கு, ஒரு வாங்கில் இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் உட்காரலாம் என்ற தேற்றம் மட்டும் விளங்கவில்லை.

இங்கிலிஷுக்குப் பெடியனைக் கொடுத்த அந்தப் பேரத்தின் கடைசிக் கணக்கைப் பார்க்கக் கொழும்புத்துறைக்குத்தான் வரவேண்டும். பட்டினத்துக்குக் கிழக்கே, கடலேரிக் கரையில், பூநகரிப் பக்கம் வள்ளம் விட்ட துறை. கத்தோலிக்கர் ஆசிரிய கலாசாலை நடத்திய இடம். 1960இல் அரசாங்கம் உதவிபெறும் பள்ளிகளையும் பயிற்சிக் கலாசாலைகளையும் எடுக்கச் சட்டம் போட்டபோது சுவாமிமார் கொதித்த இடம். இன்றும் குருமாரை உருவாக்கும் புனித சவேரியார் குருமடம் இங்கேதான். இவ்வளவு செபமாலைக்கு நடுவில் ஒரு சைவப் பெடியன் வளர்ந்தான்.

1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்தவன், பெயர் சதாசிவன். தாயை இளமையில் இழந்து கொழும்புத்துறையில் உறவினரோடு வளர்ந்தான். சிறிய தகப்பன் சின்னையா வேதத்துக்கு மாறியவர். பெடியனைக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்து ஜோன் என்று பெயரும் கொடுத்தார் என்று சதாசிவனின் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1850இல் தொடங்கிய கத்தோலிக்க இங்கிலிஷ் பள்ளிக்கூடம் 1881இல் சம்பத்திரிசியார் கல்லூரியானது. ஐரிஷ் சுவாமிமாரின் கை ஓங்கிய இடம். அங்கே ஜோன் இங்கிலிஷ் படித்தார். எல்லாம் பேரப்படியே நடந்தது: படிப்பு முடிய இரணைமடுக் குள வேலையில் ஸ்டோர் கீப்பர் உத்தியோகம். கோறணமேந்தின் கோழி கையில் கிடைத்துவிட்டது. ஊர் நிம்மதியானது.

அந்தக் கோழியைத்தான் அவர் பறக்கவிட்டார். நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி என்று ஒருவர். ஊர் அவரை விசரன் என்றது. உத்தியோகத்தை உதறிவிட்டு ஜோன் அந்த விசரனின் பின்னால் போனார். பிறகு கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தடியிலும், அதன்பின் ஒரு கொட்டிலிலும் இருந்தவரை உலகம் யோகர் சுவாமி என்று அறிந்தது. கும்பிட வந்த டாக்குத்தரையும் அப்புக்காத்தையும் வாயில் வந்தபடி ஏசிக் கலைப்பார். ஏச்சு வாங்கினால் அதிர்ஷ்டம் என்று அவர்கள் மறுபடி வருவார்கள். பள்ளிக்கூடத்தில் வாங்கின ஏச்சுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. 1964இல் சமாதியாகும்வரை அந்தக் கொட்டில் வாசலில் கூட்டம் குறையவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரரும் இருந்தார். இலங்கைக்கு அரசியலமைப்பு யோசனை சொல்ல வந்து, பின்னர் மகாதேசாதிபதியாகவும் இருந்த சோல்பரி பிரபுவின் மகன், ஜேம்ஸ் ராம்ஸ்பொத்தம். தகப்பன் மகாராணியின் பிரதிநிதி. மகன் கொழும்புத்துறைக் கொட்டிலில் பாயில் உட்கார்ந்து, சந்தசுவாமி ஆனார். எங்கள் பெடியளுக்கு வெள்ளைக்காரர் எத்தனையோ பெயர் வைத்தார்கள், அதற்கு அமெரிக்காவிலிருந்து பணமும் வந்தது. கொழும்புத்துறை ஒரு பிரபுவின் மகனுக்குப் பெயர் மாற்றியது. ஒரு சதம் வாங்கவில்லை, இங்கிலிஷும் அவருடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டது.