அண்ணாந்தவர் சற்றே குனியலாமே!

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயிலில் எல்லோரும் விமானத்தின் உச்சியையே வியக்கிறார்கள், அடித்தளத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? (ஒரு வாசகர், திருவையாறு)

பதில்: இராஜராஜனே இருக்கிறான்! 200 அடிக்கு மேல் உயர்ந்த அந்த ஸ்ரீவிமானத்தைக் கழுத்து நோக அண்ணாந்து பார்த்தவர்கள் சற்றே குனிந்தால், உபபீடம் என்னும் அடிமேடையும் அதன்மேல் உருண்டு திரண்ட குமுத வளைவும் யாளி வரிசையும் கொண்ட அதிஷ்டானம் என்னும் தாங்குதளமுமாக அமைந்த அப்பீடத்தில், அம்மன்னனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த தானங்கள் எழுத்தெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பார்கள். 1010-இல் நிறைவெய்திய ஆலயத்தைக் கரிகாலன் கட்டியதாக ஸ்தல புராணம் சொல்லிக்கொண்டிருக்க, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் படித்தறிந்த இக்கல்வெட்டுகளன்றோ இராஜராஜனே கட்டினான் என்னும் உண்மையை நிலைநாட்டின! கோபுரத்தைவிட அஸ்திவாரத்துக்கே ஞாபகசக்தி அதிகம் என்பேன்.

அடித்தளத்துக்கும் முந்திய இன்னொன்றையும் காவிரிக்கரை உழவர்கள் கேட்டு மகிழவேண்டும்: மயமதம் என்னும் சில்ப சாஸ்திரம், மனையைக் காளை பூட்டி உழுது, விதை தெளித்து, விளைந்ததைப் பசுக்கள் மேய்ந்த பின்னரே கட்டடத்தை ஆரம்பிக்கச் சொல்கிறது; ஆக, ஸ்தபதியின் உளிக்கு முன்னே சென்றது உங்கள் கலப்பைதான்.

தாராசுரம் கோயிலுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். அங்கே நாயன்மார் சரித்திரங்கள் கருவறையின் அடித்தளத்திலேயே சிறு சிற்பங்களாக அணிவகுத்திருக்கின்றன. அவற்றைத் தரிசிக்க, எத்தகைய பெரிய மனிதரும் தரையில் அமர்ந்தே ஆகவேண்டும்.