ஒத்தைத் தினாருக்கு ஒரு ஊரு

இர்பிட், ஜோர்டான்

மாமாவுக்கு மாப்ள எழுதிக்கறதுங்க.

ஃபோன்ல பேசுனா தறிச் சத்தத்துல உங்களுக்குப் பாதி கேக்காது, மீதிய அத்தை வாங்கிப் பேசிருவாங்க. அதனாலதான் காயிதம்.

போன வெள்ளிக்கிழமை பெட்ரா போயிட்டு வந்தனுங்க. இங்க வெள்ளிதான் நமக்கு லீவு. பாலைவனத்துக்குள்ள பாறையைக் கொடைஞ்சு பண்ணுன ஊரு, ரெண்டாயிரம் வருசத்துப் பழசு. 'ஜீன்ஸ்' படத்துப் பாட்டுல பிரசாந்தும் ஐஸ்வர்யா ராயும் ஆடுன அதிசயத்துல இது இருக்காதுங்க. படம் வந்தது 1998. இதை அதிசயம்னு லிஸ்ட்ல சேத்தது 2007. ஷங்கர் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

வண்டியில எல்லாருமே கார்மென்ட்ஸ் ஆளுங்க. டாக்காப் புள்ளைங்க, நேபாளத்துக்காரங்க, மட்டக்களப்பு அக்கா ஒருத்தங்க, அப்பறம் நானு. அக்கா புளிச்சோறு கட்டியாந்தாங்க, டாக்காப் புள்ளைங்க மீன் வறுத்துக் கொண்டாந்தாங்க. அம்மான் தாண்டறதுக்குள்ள ரெண்டும் காலி. அதுக்கப்பறம் ஜன்னல்ல பாத்தா மணலும் கல்லுந்தான். ஒரு வேலிக்காத்தான் மரங்கூட இல்லீங்க.

டிக்கெட் கதையக் கேளுங்க. வெளிநாட்டுல இருந்து சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு ஒரு நாளைக்கு 50 தினார், நம்ம காசுக்கு ஐயாயிரத்துக்கும் எச்சா. இகாமாங்கற குடியிருப்பு அட்டை வெச்சிருக்கற எங்களுக்கு ஒரே ஒரு தினார். எனக்கு முன்னால ஒரு வெள்ளைக்காரர் அம்பதை எண்ணி வெச்சாரு. நான் ஒத்தைத் தினாரை வெச்சேன். ஒரு வெள்ளைக்காரர் என்னைய ஏக்கமாப் பாத்தது அன்னைக்குத்தானுங்க.

உள்ள போறதுக்கு 1.2 கிலோமீட்டர் சந்து. ரெண்டு பக்கமும் செங்குத்தாப் பாறை, மேல வானம் ஒரு நாடா அகலத்துக்குத்தான் தெரியுது. சந்து முடியற எடத்துல திடுக்குன்னு அல் கஸ்னேங்கற முகப்பு. 40 மீட்டர் கிட்ட ஒசரம், அத்தனையும் ஒரே பாறை. மேல ஆரம்பிச்சு கீழ வரைக்கும் செதுக்கிக்கிட்டே எறங்கியிருக்காங்க. சாரம் கட்டற செலவு மிச்சம் பாருங்க.

மத்தவங்க வாயைப் பொளந்து நிக்க, எங்காளுங்க இன்ஸ்பெக்‌ஷன் ஆரம்பிச்சுட்டாங்க. பாறையில இருக்கற இரும்புதான் அங்க சாயம். ரோசு, மஞ்சள், கத்திரிப்பூக் கலருன்னு வரி வரியா ஓடுது. ஃபைனல் செக்கிங்ல இருக்கற டாக்காப் புள்ள கழுத்தைச் சாய்ச்சுப் பாத்துட்டு, "ஷேட் வேரியேஷன், ரிஜெக்ட்" அப்படின்னுருச்சு. "அடிப் போடி, உலகத்துப் பையர் பூரா காசு குடுத்துப் பாத்துட்டுப் போறான், எப்பவோ அப்ரூவ் ஆயிருச்சு"ன்னாரு நேபாளத்துக்காரரு.

மேல உச்சியில ஒரு கல்லுக் கலசம். உள்ள புதையல் இருக்குதுன்னு அந்தக் காலத்து பெதுயின் ஆளுங்க துப்பாக்கியால சுட்டுச் சுட்டுப் பாத்திருக்காங்க. தழும்பு இன்னும் இருக்குது. கலசம் பூரா கெட்டிக் கல்லு! 2024-ல அடியில தோண்டுனப்பக் கெடச்சது 12 பேரோட எலும்பு.

இதைக் கட்டுன நபாத்தியர் சோலியத்தான் உங்களுக்குச் சொல்லோணும்னு வந்தேன். குந்திரிக்கம் வெளையறது ஏமன், ஓமன் பக்கம். கொளுத்தறது ரோமாபுரிக் கோயில்ல. இவங்க வெளைய வெக்கவும் இல்ல, கொளுத்தவும் இல்ல. நடுவுல, தண்ணி இருக்கற எடத்துல உக்காந்துக்கிட்டாங்க. ஏமன்ல இருந்து காசா கடக்கரை போறதுக்குள்ள ஒரு ஒட்டகத்துக்கு 688 வெள்ளிக்காசு செலவுன்னு பிளினிங்கற ரோமாபுரிக்காரர் எழுதி வெச்சிருக்காரு. தண்ணிக்குக் காசு, தீவனத்துக்குக் காசு, தங்குனாக் காசு, தாண்டுனாக் காசு. நீங்க ராப்பகலாக் கூலிக்குத் தறி ஓட்டி மீட்டருக்குப் பைசாக் கணக்குல வாங்கறீங்க. பாவு குடுக்கற ஏவாரி மூணு மாடி கட்டறாரு. அதை நீங்க திண்ணையில உக்காந்து திட்டறது அங்க எனக்கு அப்பிடியே காதுல விழுந்துச்சுங்க.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கோணும், வாங்குன காசுக்கு வேலை செஞ்சிருக்காங்க. வருசத்துக்கு 15 சென்டிமீட்டர் மழை பேஞ்சாப் பெருசுங்கற ஊருல, சந்து நெடுகப் பாறையில வாய்க்கா வெட்டி, மண் குழாய் பதிச்சு, வெள்ளத்தைத் திருப்பி அணை கட்டி, தொட்டி தொட்டியாச் சேத்திருக்காங்க. நம்மூட்டுப் பக்கம் நொய்யல்னு ஒரு ஆறையே குடுத்தாரு ஆண்டவன். அதுல சாயத் தண்ணி என்ன கலர்ல ஓடுதுன்னு பாத்து எந்த நாட்டுக்கு ஆர்டர்னு சொல்லிக்கிட்டு இருந்தவங்க நாம.

அப்பறம் ஊரு ஏன் காலியாச்சுன்னு கேப்பீங்க. 106-ல ரோமாபுரி புடிச்சுக்கிச்சு, 363-ல பூகம்பம். ஆனா ஏவாரம் அதுக்கு முன்னாலயே கடலுக்கு எறங்கிருச்சு. பருவக்காத்தைப் புடிச்சு செங்கடல்ல இருந்து கப்பல் நேரா நம்ம கரைக்கு வந்துருச்சுங்க. படியூர்ப் பச்சைக்கல்லு, கொடுமணல் மணி, மொளகு எல்லாம் பெட்ரா பக்கம் எட்டிப் பாக்காமயே போச்சு. வெள்ளலூர்ல தோண்டுனப்ப வந்த ரோமாபுரிக் காசு அந்த ஏவாரத்துதுதான். ஆக, இவங்க பொழப்பைக் கெடுத்ததுல நம்ம கொங்குக்கும் ஒரு பங்கு உண்டு. வாசல்ல நின்ன கைடுகிட்ட நான் இதைச் சொல்லிக்கலை.

மேல இருக்கற மடாலத்துக்கு 800 படி. கழுதைக்காரப் பையன் ஒருத்தன் "ஏசி டாக்சி, ஏசி டாக்சி"ன்னு பின்னாலயே வந்தான். நம்மளப் பாத்ததும் "ஷாருக் கான்!"னு கையக் குடுக்கறான். ரஜினி தெரியலைன்னுட்டான், அங்கயே பேரம் முறிஞ்சுது. மட்டக்களப்பு அக்கா, "நான் காட்டுப் பாதையால கதிர்காமம் நடந்து போனனான், இதென்ன பெரிய படியே?"ன்னு சேலையச் சொருகிக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. நாங்க மூச்சு வாங்கி மேல போனப்ப, அவங்க டீ குடிச்சு முடிச்சு டம்ளரக் கழுவிக் குடுத்துட்டு இருந்தாங்க.

கூலி ஒசத்தற பேச்சு என்னாச்சுங்க? பழைய தறிய எடைக்குக் கேட்டு ஆளு வந்துட்டுப் போனதா அத்தை சொன்னாங்க. குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். குடுக்கறதா இருந்தா எடை போடறப்பக் கிட்டவே நில்லுங்க மாமா, அந்தாளு தராசு சரியில்லீங்க.

இப்படிக்கு,
உங்க மாப்ள