அந்தக் காலத்துல நாங்கள்லாம்...

பதினேழு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் தகப்பனுக்கென்று ஒரு வசனம் உண்டு. "அந்தக் காலத்துல நாங்கள்லாம்..." என்று தொடங்கும். எப்படி முடியும் என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அதற்குள் எதிரே இருப்பவர் காதில் இயர்போன் ஏறியிருக்கும். என் மகள் இப்போது ப்ளஸ் டூ. நான் ப்ளஸ் டூ படித்தது 1991-92இல், பாளையங்கோட்டையில். ஆகவே எங்கள் வீட்டில் இந்த வசனத்துக்குப் பஞ்சமில்லை.

என் சரக்கில் முதலாவது, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போன கதை. சித்திரை வெயில், உருகிய தார், அறுந்த செருப்பு என்று ஜோடனையெல்லாம் நன்றாகவே இருக்கும். போன வருஷம் வரை எடுபட்டது. அப்புறம் என் அம்மா ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு சென்னைக்கு வந்துவிட்டாள்.

"எங்கட்டி நடந்தான்? வாசல்லயே கட்டபொம்மன் பஸ் நிக்கும்லா. உள்ள எடம் கெடந்தாலும் படிக்கட்டுல தொங்கிட்டுத்தான் போவான். சித்திரையில ஏது பள்ளிக்கூடம்?" என்றாள் பேத்தியிடம். 

சாட்சிகள் ஊரிலேயே இருப்பது நல்லது.

கஷ்டப்பட்டோம் என்று சொல்வதில் எங்கள் தலைமுறைக்கு ஓர் அலாதி சுகம். உண்மையில் எங்களுக்குக் கிடைத்திருந்த சொகுசைத்தான் நாங்கள் சொல்வதே இல்லை. எங்களை யாரும் கவனிக்கவில்லை! என் அப்பா தாலுகா ஆபீஸில் இருந்தார். வீட்டுக்கு விருந்தாளி வந்து, "தம்பி என்ன படிக்கான்?" என்று கேட்டால், அவர் என் பக்கம் திரும்பி, "ஏல, பத்தா பதினொண்ணா?" என்பார். ரேங்க் கார்டு கையெழுத்துக்குக் காலையில் அவர் பேப்பர் படிக்கும் நேரம்தான் தோது. தலையங்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையை மட்டும் நீட்டுவார். பேனாவைத் திறந்து கொடுத்து, கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினால் போதும். கணக்கில் நான் வாங்கிய முப்பத்தெட்டின் மேலேயே ஒரு தடவை கையெழுத்து விழுந்தது. அன்றைக்கு அந்த மார்க் யார் கண்ணுக்கும் தெரியாமல் போனது. அன்பு இல்லாமல் இல்லை. அவருக்கு ஐந்து பிள்ளைகள். ஆளுக்கொரு கண் வைக்க ஆண்டவன் வசதி செய்து தரவில்லை.

எனக்கு ஒரே மகள். வசதிக்குப் பள்ளிக்கூடத்து ஆப் வேறு. அவளுடைய கணக்கு யூனிட் டெஸ்ட் மார்க், ஆபீஸில் நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே என் போனில் வந்து விழுகிறது. பேப்பர் அவள் கைக்குப் போவது மத்தியானம். பள்ளிக்கூட வேன் எந்த சிக்னலில் நிற்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அவள் அந்த வேனில் உட்கார்ந்து, 'கிளாஸ்ல எல்லாருக்குமே கம்மிதாம்ப்பா' என்ற வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவாள். செருப்பைக் கழற்றும் முன்னமே நான், "இருபத்தாறுதானா?" என்பேன். பள்ளிக்கூட வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை, ஒரு நல்ல பொய்யைச் செதுக்க எங்களுக்கு எவ்வளவு அவகாசம் இருந்தது! அவளுக்கு அந்தக் கலை கைவராமலே போய்விடும்போல் இருக்கிறது.

பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இரவு பத்து மணிக்கு ஒரு தகப்பனார், "நாளைக்கு கெமிஸ்ட்ரி ரெக்கார்டு வைக்கணுமா?" என்று கேட்பார். இன்னொரு தாயார் தன் பிள்ளையின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போடுவார். கட்டைவிரல்கள் வரிசையாக உயரும். அந்நேரம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். 1992இல் ஒழுங்காக எழுதாத ப்ளஸ் டூவை நாங்கள் எல்லோரும் சேர்ந்து இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ரிசல்ட் சமாசாரமும் இப்படித்தான். எங்களுக்கு முதலில் பேப்பரில் வெறும் நம்பர்தான் வரும். பொடி எழுத்தில், பத்தி பத்தியாக. நம்பர் இருந்தால் பாஸ். மார்க் தெரியப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அந்த இடைவெளியில் முதல் மாணவனும் நானும் ஒரே ஜாதி: பாஸ். தெருவில் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சமத்துவத்தை நான் அப்புறம் பார்க்கவில்லை.

எங்களுக்கு மொத்தம் 1200 மார்க். 2019 ப்ளஸ் டூ தேர்விலிருந்து அது 600 ஆனது. அதற்கு முன்பே, 2017இல், மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசாங்கம் நிறுத்திவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறையட்டும் என்று. நல்ல காரியம்தான். அரசாங்கம் நிறுத்தியதைச் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ரிசல்ட் அன்றைக்கு எங்கள் குடும்ப குரூப்பில் முதல் மூன்று இடம் மட்டுமல்ல, கடைசி மூன்று இடமும் அறிவிக்கப்படுகிறது. மருத்துவத்துக்கும் இன்ஜினியரிங்குக்கும் நாங்கள் எழுதிய நுழைவுத் தேர்வு 1984இல் வந்தது. கிராமத்துப் பிள்ளைகளைப் பாதிக்கிறது என்று 2006இல் சட்டசபையில் சட்டம் நிறைவேற்றி அதை வழியனுப்பினோம். 2017இல் மருத்துவத்துக்கு மட்டும், டெல்லி வழியாக, நீட் என்ற பெயரில் திரும்பி வந்தது. போனவர் திரும்பி வரும்போது கோச்சிங் சென்டரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

நட்பு விஷயத்தில் மகள் என்னை விடச் சாமர்த்தியம். 1991 தீபாவளிக்கு ரஜினியின் 'தளபதி'யும் கமலின் 'குணா'வும் ஒரே நாளில் வந்தன. நான் கமல் கட்சி. பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவன் ரஜினி கட்சி. என்னை விட்டுவிட்டு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அவன் 'தளபதி' பார்த்துவிட்டு வந்தான். நட்புக்காக உயிரையே கொடுக்கலாம் என்று சொல்லும் படத்துக்கு நண்பனை விட்டுவிட்டுப் போனதுதான் வயிற்றெரிச்சல். பேச்சை நிறுத்தினோம். ஆனால் பெஞ்சை மாற்ற வாத்தியார் விடவில்லை. முழங்கையும் முழங்கையும் உரச, மாதக்கணக்கில் மௌனம். ஏதாவது கேட்க வேண்டும் என்றால் மூன்றாவது ஆள் வழியாக, "அவன்ட்ட ஸ்கேல் இருக்கானு கேளுல."

கடைசியில் சமாதானம் செய்து வைத்தது நைட்ரேட். கெமிஸ்ட்ரி லேபில் பழுப்பு வளையச் சோதனை. ஃபெரஸ் சல்பேட் கலந்த கரைசலுள்ள சோதனைக் குழாயை ஒருவன் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவன் அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் ஓரமாகவே வழியவிட வேண்டும். குலுங்கினால் போச்சு. அவன் பிடித்தான், நான் ஊற்றினேன். இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் மெல்லப் பழுப்பாக ஒரு வட்டம் கட்டியது. "ஏல, வந்துட்டு!" என்று கத்தினான். என்னிடம்தான் கத்தினான்.

மகளிடம் இதைச் சொன்னேன். "அவ்ளோ மாசம் பக்கத்துல உக்காந்துட்டே பேசலையா? சைக்கோவா நீங்க?" என்றாள். அவர்கள் சண்டை வேறு மாதிரி. ராத்திரி போனில் ப்ளாக் செய்துகொள்வார்கள். காலையில் அதே பெண்ணோடு ஒரே டிபன் பாக்ஸில் லெமன் சாதம். ப்ளாக்கை எடுத்துவிட்டாயா என்றால், "அது வேற, இது வேறப்பா." ஆறு பேருக்கு ஒரு குரூப். அதே ஆறில் ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு ஐந்து பேருக்கு இன்னொன்று. விடுபட்டவளுக்கும் அது தெரியுமாம். 'தளபதி'க்கு என்னை விட்டுவிட்டுப் போனவர்களிடம் இவ்வளவு நேர்மை இல்லை.

இந்த வாரம் பெற்றோர் குரூப்பில் பிள்ளைகளின் ஃபேர்வெல்லுக்கு என்ன கலர் என்று ஓட்டெடுப்பு நடந்தது. நானும் ஓட்டுப் போட்டேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "உங்க ஃபேர்வெல்லுக்கு தாத்தா என்ன கலர்ப்பா செலக்ட் பண்ணாங்க?"

"எங்களுக்கு ஏது கலர்? கூட்டம் முடிஞ்ச கையோட எட்டுப் பேரு குத்தாலத்துக்கு பஸ் ஏறிட்டோம். மாசியில அருவில தண்ணி சொட்டிட்டு இருக்கு. அதுக்கடியில எட்டுப் பேரும் வரிசையில நின்னு தலைய நனைச்சோம்" என்று ஆரம்பித்தேன். கதை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. மகள் இயர்போனைக்கூட எடுத்துவிட்டாள்.

உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ்னுல்லால சொன்ன?"