வண்டி நீக்கியல்: கரையேறிய பாய்மரப் படகு குறித்த ஓர் ஆராய்ச்சி

பாய்மரப் படகைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அது தண்ணீரில் இருந்தபோதுதான் எழுதினார்கள். காற்று, அலை, விண்மீன், தனிமை என்று அவர்களுக்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா போன்ற ஏரி மாநிலங்களில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் படகு அக்டோபரில் கரையேறினால் மே மாதம்வரை இறங்குவதில்லை. ஏரி உறைந்துபோகிறது. ஆண்டில் ஏழு மாதம் நிலத்திலும் ஐந்து மாதம் நீரிலும் கழிக்கும் ஒன்றை எந்த இனத்தில் சேர்ப்பது? பெரும்பான்மை பற்றிப் பெயரிடுதல் மரபு. ஆகவே பாய்மரப் படகென்பது நிலத்தில் வாழ்ந்து, கோடையில் மட்டும் நீராடப் போகும் பொருள் என்க. இந்தக் குறையை நிரப்ப இக்கட்டுரை முனைகிறது. முழுவதும் நிரப்பிவிட்டால் அடுத்த கட்டுரைக்கு இடமிருக்காது என்பதால் ஓரளவே முனைகிறது.

நிலவாழ் படகு இரு நிலைகளில் காணப்படும்: டிரெய்லர்மேல் நிற்பது, டிரெய்லர் இல்லாமல் நிற்பது. முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்கு அதைக் கொண்டுசெல்லும் வினையே நம் ஆய்வுப்பொருள். இதற்கு வண்டி நீக்கியல் என்று பெயர் சூட்டுகிறோம்.

மாதிரியாகக் கேட்டலினா 22 என்னும் படகை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவின் ஃப்ராங்க் பட்லர் வடிவமைத்த இது, 1969 முதல் 15,000க்கும் மேல் கட்டப்பட்டது. ஆகையால் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றின் கொல்லையில் தார்ப்பாய் போர்த்திய பெரிய உருவம் எதைக் கண்டாலும் அது இதுவோ என்று ஐயுற இடமுண்டு. நீளம் இருபத்தொன்றரை அடி. எடை ஆயிரம் கிலோவையொட்டி. அதில் 250 கிலோ, அடியில் தொங்கும் வார்ப்பிரும்புப் பலகை. ஒரு முளையில் மாட்டிய இப்பலகையைக் கம்பி வடத்தால் சுற்றி மேலே இழுத்தால் படகு இரண்டடி ஆழத்தில் மிதக்கும். இறக்கிவிட்டால் ஐந்தடி வேண்டும்.

டிரெய்லரில் நிம்மதியாக நிற்கும் படகை ஏன் இறக்க வேண்டும் என்று கேட்பவர் உண்டு. படகின் வயிறு டிரெய்லரின் விரிப்புப் பலகைகளில் அழுந்தியிருக்கும் இடத்துக்கு வண்ணத் தூரிகை போகாது. இரும்புப் பலகையின் முளை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க அடியில் இடம் வேண்டும். ஆண்டுதோறும் இரு தடவை தண்ணீரில் முங்கி எழுந்த டிரெய்லரின் அச்சும் பேரிங்கும் துருவேறியிருக்கும். இவை வெளியில் சொல்லப்படும் காரணங்கள். வேனிற்காலத்து மாலையொன்றில், கையில் பானத்தோடு, டிரெய்லரை யாருக்கோ இரவல் தருவதாக வாக்குக் கொடுத்ததே மெய்க்காரணம் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

முன்னோர் மொழிந்தவை

கப்பலை நிலத்தில் நகர்த்திய சான்றோர்க்குக் குறைவில்லை. சிரக்யூஸ் அரசன் ஹீரோவின் மூன்று பாய்மரக் கப்பலை, பலர் பெரும்பாடுபட்டுக் கரையேற்றியிருந்ததை, ஆட்களும் சரக்கும் ஏற்றிய நிலையிலேயே ஆர்க்கிமிடீஸ் தள்ளி உட்கார்ந்தபடி கப்பிகளால் இழுத்துக் காட்டியதாக ப்ளூட்டார்க் எழுதுகிறார். காட்சி முடிந்தபின் கப்பலை எங்கே நிறுத்தினார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. பண்டைக் கிரேக்கர் கொரிந்து நிலவிணைப்பின் குறுக்கே கல் பாவிய தடம் போட்டுக் கப்பல்களை இழுத்தார்கள். 1453 ஏப்ரல் 22 அன்று சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கான்ஸ்டான்டிநோப்பிளுக்கு எதிரே, கொழுப்புத் தடவிய மரங்களின்மேல் எழுபது கப்பல்களையொட்டிக் குன்றேற்றித் தங்கக்கொம்புக் கழிமுகத்தில் இறக்கினார். இழுத்த இடத்தின் பெயர் கலாட்டா. இது குறித்து இவ்வாய்வாளர் கருத்துரைக்க விரும்பவில்லை.

ஆர்க்கிமிடீஸ் நீங்கலாக இம்முன்னோருக்கு ஒரு வசதி இருந்தது: ஆள் கணக்கில்லை. இன்னொன்று அதனினும் பெரிது. கொரிந்திலும் கலாட்டாவிலும் மறுபக்கத்தில் தண்ணீர் காத்திருந்தது. கப்பலை நிலத்திலேயே விட்டுவிட்டு, அதன் கீழிருந்து வண்டியை மட்டும் உருவிக்கொண்டு போகும் தேவை இவர்களில் எவருக்கும் வரவில்லை. ஆகவே அவர்களை வணங்கிவிட்டு மேலே செல்வோம்.

சோழமண்டலக் கரையின் கட்டுமரக்காரர்கள் இச்சிக்கலை வேரோடு களைந்துவிட்டார்கள் என்பதையும் ஈண்டுக் குறிக்க வேண்டும். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலரப் போட்டார்கள். படகே இல்லாதபோது படகை எதன்மேல் நிறுத்துவது என்ற கேள்வி எழாது. கண்ணாடியிழைப் படகில் இம்முறையைச் செய்துபார்க்க இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை.

மூன்று கட்சிகள்

இன்றைய வழக்கில் மூன்று கட்சிகள் உள்ளன. கிரேன் கட்சியார் படகுத்துறைக்குத் தொலைபேசியில் பேசுவர். நான்கு சக்கரத்தில் நிற்கும் பெரும் சட்டகம் ஒன்று வந்து, இரண்டு நாடாக்களால் படகின் வயிற்றைத் தாங்கித் தூக்கும், டிரெய்லர் விலகும், படகு தாங்கிகளில் அமரும். விஸ்கான்சினின் ஸ்டர்ஜன் பே என்ற ஊரில் இவ்வகைத் தூக்கிகளைக் கட்டும் தொழிற்சாலையே இருக்கிறது. இக்கட்சியில் பணம் தவிர வேறு கருத்து வேற்றுமைக்கு இடமில்லாததால் ஆய்வுக்கு உதவாது.

இரண்டாவது மரக்கட்சி. படகின் பின்புறத்தை வலுத்த மரமொன்றில் கயிற்றால் கட்டிவிட்டு, டிரெய்லரைக் காரோடு முன்னே ஓட்டிச்செல்வது இவர்கள் கொள்கை. படகு இருந்த இடத்திலேயே இருக்க, வண்டி அகன்றுவிடும் என்பது எதிர்பார்ப்பு. தத்துவ அளவில் இதில் அழகு இருக்கிறது. ஆனால் 1699இல் அமோன்டன் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்துரைத்தபடி, உராய்வு எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததன்று. விரிப்புப் பலகையை ஒடுக்கிப் பயனில்லை. நனைத்தால் பயனுண்டு, ஆகவே இக்கட்சியார் பாத்திரம் துலக்கும் சோப்புநீரைத் தாராளமாக ஊற்றுவர். பாதிக்குமேல் படகு பின்னே வந்ததும் எடைமையம் டிரெய்லரின் கடைசிக் குறுக்குச் சட்டத்தைத் தாண்டும். அந்தக் கணம் மூக்கு வானை நோக்கும். பின்புறம் மண்ணை நோக்கும். கீழே பழைய டயர்களைப் பரப்பியிருப்பவரும், சுக்கானைக் கழற்றியிருப்பவரும் பிழைத்தார்கள். மரம், கயிறு, படகின் மேல்தளத்தில் கயிறு கட்டும் கொண்டி இம்மூன்றில் எது முதலில் விடும் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரியவரும்.

மூன்றாவது அட்டிக்கட்சி. கட்டைகளை அட்டியாக அடுக்கி, அங்குலம் அங்குலமாகப் படகை அவற்றின் பொறுப்பில் விடுவோர். இவ்வாய்வாளர் இக்கட்சியைச் சார்ந்தவர். நடுநிலை என்பது தலைப்போடு முடிந்தது.

மூக்கும் வாலும்

அட்டிக்கட்சியின் முதற்கொள்கை இது: படகை யாரும் இறக்குவதில்லை. தரைக்கு வரவேண்டியதை முதலில் உயர்த்துகிறோம். பிறகு அதன் கீழுள்ள உலகத்தை அகற்றுகிறோம். படகு சும்மா இருக்கிறது. நகர்வது வண்டி. இதை ஏற்காதவர்கள் கைகளால் படகைத் தள்ளுவதைக் காணலாம்.

உயர்த்துவதற்கு ராட்சத ஜாக்கி தேவையில்லை என்பதுதான் இத்துறையின் மிக இனிய பகுதி. டிரெய்லரே ஒரு நெம்புகோல். அதன் அச்சே ஆதாரம். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போட்டு, காரைக் கழற்றிவிட்டு, வண்டியின் மூக்கிலுள்ள சிறு ஜாக்கியைச் சுழற்றி மூக்கைத் தாழ்த்துக. வால் உயரும், அதோடு படகின் பின்புறமும் உயரும். உயர்ந்த பின்புறத்துக்கு அடியில், வண்டிச் சட்டத்தைவிட நீண்ட உத்தரம் ஒன்றைக் குறுக்கே கொடுத்து, அதன் இரு முனைகளையும் சட்டத்துக்கு வெளியே அட்டிகளின்மேல் நிறுத்துக. இனி படகை வண்டியோடு பிணைத்த வார்களை அவிழ்த்துவிட்டு மூக்கை உயர்த்துக. வால் தாழ்ந்து விலகும். படகின் பின்புறம் உத்தரத்தில் தங்கிவிடும். மூக்கோ இப்போது உச்சத்தில் இருக்கிறது. முன்புறத்துக்கும் அதேபோல் உத்தரமும் அட்டியும். மறுபடி மூக்கைத் தாழ்த்தி வண்டியைச் சமநிலைக்குக் கொண்டுவந்தால், படகுக்கும் வண்டிக்கும் நடுவே இதுவரை இல்லாத ஒரு வெளிச்சக் கீற்று தெரியும். சுமந்த வண்டியே தன் சுமையைத் தூக்கி வைத்துவிட்டது. ஆர்க்கிமிடீஸ் இருந்திருந்தால் கப்பிகளை வீட்டிலேயே விட்டு வந்திருப்பார்.

இங்கே பலர் கைதட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார்கள். ஆனால் சிக்கல் இப்போதுதான் பிறக்கிறது. வண்டியை முன்னே இழுத்தால் பின் உத்தரத்துக்கு ஆபத்தில்லை. சக்கரங்கள் அதைவிட்டு அகலும். முன் உத்தரத்தின் கதை வேறு. அதன் அட்டிகள் வண்டிக்கு வெளியே நிற்கின்றன. சக்கரமும் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே தடத்தில் ஒன்றையொன்று நோக்கி வருகின்றன. அட்டியை உள்ளே தள்ளி வைத்தாலோ வண்டியின் குறுக்குச் சட்டமும் அச்சும் வந்து இடிக்கும். வெளியே வைத்தாலும் குற்றம், உள்ளே வைத்தாலும் குற்றம். வண்டி பாதி வந்து, படகின் கீழ் நின்று, முன்னும் போகாமல் பின்னும் வராமல் கிடக்கும் காட்சியை நவம்பர் மாதக் கொல்லைகளில் காணலாம்.

தீர்வு மூன்றாவது உத்தரம். சக்கரங்கள் படகின் நடுவைத் தாண்டி முன்னேறியதும், அவற்றுக்குப் பின்னால் இன்னோர் உத்தரத்தைக் கொடுத்து, முன்புறத்தின் பாரத்தை அதற்கு மாற்றி, முன் அட்டியைக் கலைத்து, வண்டியை வெளியேற்றி, மறுபடி முன் அட்டியைக் கட்டவேண்டும். இந்த இடைவேளையில் படகு பின் உத்தரத்தையும் நடு உத்தரத்தையும் மட்டுமே நம்பியிருக்கும். எடைமையம் அவ்விரண்டுக்கும் நடுவே இருந்தால் படகு பொறுமையாக இருக்கும். நடு உத்தரம் ஒரு சாண் பின்னே போய்விட்டால் அது மூக்கால் மண்ணைத் தொட்டுப் பார்க்கும். பின்னே தொங்கும் மோட்டாரைக் கழற்றிவிட்டு, முன்னறையில் நங்கூரத்தையும் சங்கிலியையும் மறந்துவிட்டவர் எடைமையத்தைத் தாமே முன்னே நகர்த்திவிட்டார். இயற்பியல்மேல் பழிபோட அவருக்கு உரிமையில்லை.

அட்டிக்கு மரக்கட்டை சிறந்தது. உடையுமுன் முனகி எச்சரிக்கும் குணம் அதற்கு உண்டு. உள்ளீடற்ற கான்கிரீட் கற்களுக்கு அந்தக் குணமில்லை. துளை மேல்நோக்க வைத்தால் சுமக்கும், பக்கவாட்டில் படுக்கவைத்தால் ஒரு சொல்லும் சொல்லாமல் நொறுங்கும். வெறும் ஜாக்கிமேல் நிற்கும் படகின் அடியில் நுழைவது பற்றிக் கட்சி வேற்றுமை இல்லை: நுழையாதீர்.

புறனடை

எடையை நடுக்கோடு சுமக்க வேண்டும். பக்கத்தில் நிறுத்தும் முக்காலித் தாங்கிகள் படகு சாயாமல் பார்த்துக்கொள்வதோடு நிற்க வேண்டும். தாங்கியின் திருகை ஆர்வத்தோடு முறுக்கினால் கண்ணாடியிழை உட்குழிந்து, உரிமையாளரின் ஆர்வம் அங்கே நிரந்தரமாகப் பதியும். உள்ளே தடுப்புச்சுவர் வரும் இடத்தில் வைப்பதே முறை. எதிரெதிர்த் தாங்கிகளைச் சங்கிலியால் பிணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை அடியில் வழுக்கி விலகும். தார்ப்பாயின் கயிற்றைத் தாங்கியில் கட்டலாகாது. காற்று பாயைத் தூக்கும்போது தாங்கியும் கூடவே கிளம்பும். கண்முன் கொக்கிபோல நீட்டிக்கொண்டிருப்பதால் எல்லோரும் அதில்தான் கட்டுகிறார்கள்.

தாங்கி எத்தனை என்பதில் கலிலியோ தரும் எச்சரிக்கை ஒன்றுண்டு. 1638இல் லெய்டனில் அச்சான அவர் நூல், பெரிய கப்பலுக்கு ஏன் அளவுக்கு மீறிப் பெரிய முட்டு கொடுக்கிறார்கள் என்று வெனிஸ் கப்பல்கட்டும் தளத்தில் எழும் பேச்சோடு தொடங்குகிறது. அதே நூலில் ஒரு பளிங்குத் தூணின் கதை வருகிறது. இரு முனைகளிலும் முட்டு கொடுத்துக் கிடத்தியிருந்த தூண் நடுவில் ஒடிந்துவிடக்கூடாதே என்று ஒருவர் மூன்றாவது முட்டு கொடுத்தார். சில மாதங்களில் தூண் சரியாக அந்த மூன்றாவது முட்டின்மேல் ஒடிந்தது. ஒரு முனையின் பழைய முட்டு உளுத்து அமிழ, நடு முட்டு மட்டும் அசையாமல் உறுதியாக நின்றதுதான் காரணம். ஏரி மாநிலங்களில் உளுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. உறைபனியில் மண் உப்பி எழும். வசந்தத்தில் இளகிக் கால் புதையும். ஒவ்வொரு தாங்கிக்கும் அடியில் ஒட்டுப்பலகைத் துண்டு வைத்து, மாதம் ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பது நலம். மேல்தளத்து மழைநீர் வடிய மூக்கு சற்றே உயர்ந்திருக்கட்டும்.

ஆட்கள் பற்றி ஒரு சொல். எகிப்தில் ஜெஹூத்திஹோட்டெப் என்பவரின் கல்லறையில், ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய ஓவியம் இருக்கிறது. பெருஞ்சிலை ஒன்றைச் சறுக்குப் பலகையில் ஏற்றி வரிசை வரிசையாக ஆட்கள் இழுக்கிறார்கள். ஒருவர் பலகைக்கு முன்னே நீர்மம் ஊற்றுகிறார். மரக்கட்சியின் சோப்புநீருக்குத் தொன்மை இதனால் பெறப்படும். ஈரமணலில் இழுவிசை பாதியாகக் குறையக்கூடும் என்று 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் சோதித்தும் காட்டினார்கள். நம் கவனத்துக்குரியவர் மற்றொருவர். சிலையின் மடிமேல் நின்றுகொண்டு அவர் கைதட்டுகிறார், அவ்வளவே. இவரது வழித்தோன்றல் இன்றும் ஒவ்வொரு கொல்லைக்கும் வருகிறார். இடுப்பில் கைவைத்து வேலியோரம் நிற்கிறார். ‘‘இன்னும் ஓரங்குலம்’’ என்கிறார். எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை.

மே மாதத்தில் படகைத் திரும்ப ஏற்ற, மேற்கூறிய முறையைக் கீழிருந்து மேலாகப் படித்துச் செய்க. உத்தரங்கள் இருந்த இடங்களை வண்டிச் சட்டத்தில் முன்பே சுண்ணாம்புக்கட்டியால் குறித்திருந்தால் பாதி வேலை மிச்சம். மீதிப் பாதி டிரெய்லரைத் தேடுவது. இரவல் வாங்கியவரின் படகு அதன்மேல் பனிக்காலம் முழுவதும் நின்றிருக்கும். அவரும் அதை இறக்குவது எப்படி என்று இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருப்பார்.